படிக்கத் தெரிந்தவர்கள்

பார்சல் டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் குடியிருக்கிறது என்பது அந்தக் குடியிருப்பு முழுவதற்கும் தெரியும். பகலெல்லாம் பார்சல் அலுவலகத்தின் கவுண்டரில் நின்றுகொண்டு, விலாசத்தை அரைகுறையாக எழுதிக்கொண்டு வருகிறவர்களை வறுத்தெடுப்பது அவள் பிழைப்பு. செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் சமூகக் கூடத்தின் பின்னறையில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவளாகத் தலையில் போட்டுக்கொண்ட வேலை. அந்த அறைக்குள் மட்டும் அவள் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. பெயின்டர் ‘ழ’வைச் சுழித்துச் சுழித்து நத்தை ஆக்கினாலும், “நத்தை நல்லாத்தான் இருக்கு, இப்ப எழுத்தைப் போடுங்க” என்பாள்.

வருகிறவர்கள் ஒன்பது பத்துப் பேர்தான். பெயின்டர், இஸ்திரிக் கடைக்காரரும் அவர் சம்சாரமும், கூட்டிப் பெருக்குகிற இரண்டு பெண்கள், லிஃப்ட் ஆபரேட்டர், மூன்றாவது பிளாக்கில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா, இன்னும் ஓரிருவர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொய்யைச் சொல்லிவிட்டு வருகிறவர்கள். லிஃப்ட் ஆபரேட்டர் சீட்டாடப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தார். சூதாடி என்ற பேரைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளிவிடலாம், தற்குறி என்ற பேரைத் தாங்க முடியாது என்பது அவர் கணக்கு. அதனால்தான் வகுப்பில் சேர்கிற யாராக இருந்தாலும் முதல் நாளே டீச்சர் ஒரு வாக்குக் கொடுப்பாள்: “நீங்க இங்க வர்றது இந்தக் கதவைத் தாண்டிப் போகாது.”

அந்தக் கதவில்தான் ஒரு நாள் கூடத்தின் செயலாளர் வந்து நின்றார். கையில் சாவிக்கொத்து.

“பதினஞ்சு பேராவது வரணும்மா. கரண்ட் செலவு, பெருக்கித் துடைக்கிற செலவுன்னு இருக்குல்ல? முன்னாடி ஹால்ல டான்ஸ் எக்சர்சைஸ் கிளாசுக்கு நிக்க இடமில்ல. அவங்க இந்த ரூமையும் கேக்கறாங்க. மாசக் கடைசி வியாழக்கிழமை நானே வந்து எண்ணுவேன். பதினஞ்சுக்குக் குறைஞ்சா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

“ஆளுக்கு எங்க சார் போறது?”

“குரூப்புல போடுங்க. ஏரியாவே அதுலதான இருக்கு.”

“என் கிளாசுக்கு வர வேண்டியவங்களுக்கு குரூப்பைப் படிக்கத் தெரியாதே சார்.”

செயலாளர் நிஜமாகவே யோசித்தார். “அப்ப படமா போடுங்க” என்றார்.

டீச்சருக்குச் சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. இந்த அறை போனால் வேறு இடம் கிடையாது. வீட்டில் நடத்தலாம் என்றால் அக்கம்பக்கம் பார்க்கும். பார்த்தால் ஒருவர்கூட வர மாட்டார். கூடத்தில் பல வகுப்புகள் நடப்பதால் யார் எதற்கு வருகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கூட்டத்தில் கரைந்துதான் இவர்கள் உள்ளே வந்து போகிறார்கள்.

குடியிருப்பு குரூப்புக்கு அட்மின், டீச்சரின் நாத்தனார். ஊரில் எல்லோருக்கும் நாத்தனார் வாய்ப்பாள். இவளுக்கு வாய்த்தவள் ஐந்நூறு பேருக்கு நாத்தனார். தண்ணீர் எப்போது வரும், யார் வண்டியை யார் வாசலில் நிறுத்தினார்கள், எந்த வீட்டுப் பூனையைக் காணோம், எல்லாம் அவள் விரல் நுனியில். நல்ல மனசுக்காரிதான். அந்த நல்ல மனசைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டாவிட்டால் மட்டும் அவளுக்குத் தூக்கம் வராது.

“நான் பேசி ரெக்கார்ட் பண்ணித் தர்றேன், அதைப் போடு” என்றாள் டீச்சர். “படிக்கத் தெரியாதவங்க எல்லாம் போன்ல பேசித்தான் அனுப்பிக்கறாங்க. யாராவது அவங்களுக்கு அனுப்பினாக் கேட்டுட்டு வருவாங்க.”

“குரூப்புல வாய்ஸ் மெசேஜ் கூடாதுன்னு ரூல் போட்டுட்டோம் அண்ணி. ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குத் தொந்தரவா இருக்காம். என்கிட்ட விட்டுடுங்க, அசத்திடறேன்.”

அசத்தத்தான் செய்தாள். அன்று சாயங்காலமே மஞ்சளும் பச்சையுமாக ஒரு போஸ்டர் வந்தது. ‘எழுதப் படிக்கத் தெரியாதவரா நீங்கள்? இதைப் படித்தவுடன் தொடர்புகொள்ளுங்கள்!’ அதற்குக் கீழே இதயமும் பூங்கொத்துமாகக் கொட்டிக் கிடந்தது. ஐந்நூறு பேரில் ஒருவருக்குக்கூட உறுத்தவில்லை. எழுத்து எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், தெரியாதவர் இருப்பதே யாருக்கும் தெரியாது போலிருக்கிறது என்று டீச்சர் பல்லைக் கடித்தாள். போஸ்டரைப் பார்த்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் தானும் பாடம் எடுக்கலாமா என்று கேட்டார். ஒரு அம்மா மகளுடைய கையெழுத்தைத் திருத்த முடியுமா என்றாள். மூன்றாமவர் அறைக்கு ஏசி உண்டா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

“ஜனங்களுக்கு நேர்ல பார்த்தாத்தான் அண்ணி மனசு இளகும்” என்றாள் நாத்தனார். “ஒரே ஒரு போட்டோ. கிளாஸ் நடக்கறதைப் பார்த்தா அவங்கவங்க வீட்டு வேலைக்காரங்களை அனுப்பி வைப்பாங்க.”

டீச்சர் முடியாது என்றாள். நாத்தனார் விடவில்லை. கணவர், தங்கைக்கும் தலையாட்டினார், பெண்டாட்டிக்கும் தலையாட்டினார். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் டீச்சர் இறங்கி வந்தாள், ஒரு நிபந்தனையோடு: பின்னால் நின்று எடுக்க வேண்டும், முதுகு மட்டும்தான் தெரிய வேண்டும், ஒரு முகம் தெரிந்தாலும் கூடாது.

வகுப்பில் கேட்டாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லிஃப்ட் ஆபரேட்டர் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆயாம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்: “டீச்சர் பார்த்துட்டு விட்டாச் சரி.”

நாத்தனார் எடுத்தாள். டீச்சர் போனை வாங்கி ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். எல்லாம் குனிந்த தலைகள். மூக்கு, தாடை, கன்னம் எதுவும் இல்லை. “போடு” என்றாள்.

ஆயாம்மா நேராக வேலையிலிருந்து வந்திருந்தாள். வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி கொடுத்த நீலக் கோட்டு மேலே. அதன் முதுகில் ஏஜென்சியின் பெயரும் போன் நம்பரும் உள்ளங்கை உயரத்துக்கு வெள்ளை எழுத்தில் இருந்தன. நாள் முழுக்க அட்டைப்பெட்டி மேல் இருக்கும் விலாசத்தைப் படித்தே கண் பூத்துப்போனவள், ஒரு மனுஷி முதுகில் இருந்த விலாசத்தைப் படிக்கவில்லை.

படம் ஏறியது. ‘எழுத்தறியா நம் சகோதர சகோதரிகள் முதன்முறையாகப் பேனா பிடிக்கும் நெகிழ்ச்சித் தருணம்’ என்று தலைப்பு. வாழ்த்து மேல் வாழ்த்து. டீச்சரும் மரியாதைக்கு ‘மிக்க நன்றி’ என்று ஒன்று தட்டிவிட்டுப் படுத்துவிட்டாள்.

மறுநாள் கவுண்டரில் நிற்கும்போது போன் துள்ளிக்கொண்டே இருந்தது. இடைவேளையில் எடுத்துப் பார்த்தாள். அந்த நீலக் கோட்டு நம் ஏரியாவில் ஒரு வீட்டுக்குத்தானே வருகிறது என்று ஒருவர் துப்பறிந்திருந்தார். மூன்றாவது பிளாக் பெரியவர் வீடு என்று இன்னொருவர் விடை சொல்லியிருந்தார். அதற்குக் கீழே அந்த வீட்டு மருமகளே வந்து எழுதியிருந்தாள். அப்புறம் ஆளுக்கு ஒரு கல். ஏஜென்சி மேல் வழக்குப் போட வேண்டும். ஆள் வைக்கும்முன் ஒரு பத்தி படிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டு வேலைக்காரிக்குத் தெரியுமா என்று இப்போதே சோதிக்கிறேன். இந்த வயதிலும் கற்க நினைக்கிறாரே, பாராட்டுவோம். அந்தப் பாராட்டுக்குத்தான் கைதட்டல் அதிகம். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு, பாய்ச்சின வேலுக்கு மாலையும் போட்டார்கள்.

அந்த வீட்டின் பயத்தை டீச்சர் பழிக்கவில்லை. படுக்கையில் கிடக்கும் மனிதரை வேறொருத்தி கையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். ஆனால் வேளைக்கு ஒரு அறையாகத் தடுத்த பெட்டியில் மாத்திரையை எடுத்து வைப்பது பெரியவரின் மகன்தான். ஆயாம்மா அந்தந்த வேளைக்கு அந்தந்த மூடியைத் திறந்து கொடுக்கிறவள். ஒரு நாள் தப்பியதில்லை. அதை அந்தக் குரூப்பில் ஒருவரும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் ஏஜென்சி வேறு பெண்ணை அனுப்பிவிட்டது.

டீச்சர் அன்று பாதி வேலையில் போட்டது போட்டபடி கிளம்பி நாத்தனார் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“எடு அதை. இந்த நிமிஷம் எடு.”

“எடுத்துட்டேன் அண்ணி. படத்தை எடுத்துட்டேன். ஜனங்க எழுதினதை நான் எப்படி எடுக்கறது? கருத்துச் சுதந்திரம்னு சண்டைக்கு வருவாங்க.”

“ஒருத்தி சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டு சுதந்திரமா பேசறியா நீ?”

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் நல்லதுக்குத்தான் பண்ணேன். முகம் தெரியலையேன்னு நீங்களும் பார்த்துட்டுத்தான போடச் சொன்னீங்க?”

திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் திரும்பி அவள்மேலேயே விழுந்தன. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். எதிரே வந்த லிஃப்ட் ஆபரேட்டர் அவளைக் கண்டதும் லிஃப்டை விட்டுவிட்டுப் படிக்கட்டில் இறங்கிப் போனார்.

ஆயாம்மா குடியிருந்தது சலவைக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. கொடியில் நீலக் கோட்டு துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. ஏஜென்சிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். டீச்சர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

“அது இருக்கட்டும்” என்றாள் ஆயாம்மா. “என்ன எழுதியிருக்காங்க? படிச்சுக் காட்டுங்க.”

“வேணாம்க்கா.”

“என்னைப் பத்தி எழுதினது, எனக்கு வேணாமா?”

டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். முதல் ஒன்றிரண்டைத் தடுக்கித் தடுக்கிப் படித்தாள். அப்புறம் குரல் கல்லாகிவிட்டது. வாழ்த்தையும் வசையையும் ஒரே குரலில் படித்தாள். ஆயாம்மா சுவரில் சாய்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் கையை நீட்டித் தடுத்தாள்.

“கண்ணு ஓடுது, வாய் ஓடலை. எதை விட்டீங்க?”

“ஒண்ணுமில்லக்கா.”

“படிங்க.”

“‘மிக்க நன்றி.’”

“யாரு போட்டது?”

“நான்.”

கடை வாசலில் யாரோ துணி மூட்டையைப் பொத்தென்று போட்ட சத்தம் கேட்டது. டீச்சருக்கு ஆயாம்மா இரண்டு திட்டுத் திட்டினால் தேவலை போலிருந்தது.

“பெரியவர் இன்னைக்குச் சாப்பிட்டாரான்னு யாராச்சும் எழுதியிருக்காங்களா?”

“இல்லக்கா.”

“அவரு என் கையைத் தவிர வேற கையில வாங்கமாட்டாரு.” ஆயாம்மா எழுந்து கோட்டைத் திருப்பிக் காயப்போட்டாள். “மருமகப் பொண்ணு எழுதினதை இன்னொரு தரம் படிங்க. மெதுவா.”

டீச்சர் படித்தாள். ஆயாம்மா உதட்டை அசைத்துக் கேட்டுக்கொண்டாள். கிளம்பும்போது டீச்சர், மறுநாள் வியாழக்கிழமை வகுப்பு நடக்குமோ நடக்காதோ, யாரும் வரப்போவதில்லை என்றாள்.

“நான் வருவேன்” என்றாள் ஆயாம்மா. “வேலைதான் போச்சு. எழுத்தும் போகணுமா?”

வியாழக்கிழமை டீச்சர் பின்னறைக் கதவைத் திறந்ததும் திகைத்துப்போனாள். அறை நிரம்பி வழிந்தது. பெஞ்சிலெல்லாம் ஆள், சுவரோரம் நிற்கவும் ஆள். எல்லோர் கையிலும் புது நோட்டு, புதுப் பேனா. கையெழுத்துத் திருத்தக் கேட்ட அம்மா இருந்தாள். ஏசி கேட்டவர் இருந்தார். வழக்குப் போடச் சொன்னவர் முதல் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பெரியவர் வீட்டு மருமகளும் ஜன்னலோரம் இருந்தாள். பெயின்டர், லிஃப்ட் ஆபரேட்டர், இஸ்திரிக் கடைக்காரர் ஒருவரும் இல்லை.

நாத்தனார் ஓடி வந்து காதைக் கடித்தாள். “பார்த்தீங்களா அண்ணி? வகுப்பைக் காப்பாத்துவோம்னு போட்டேன், முப்பது பேருக்கு மேல வந்துட்டாங்க. அரை மணி நேரம் உக்காருவாங்க, செயலாளர் எண்ணிட்டுப் போயிடுவார். எல்லாம் என்னால வந்தது, நானே சரிபண்ணிட்டேன்.”

செயலாளர் ஏற்கெனவே விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சந்தோஷம். “இதைத்தான்மா நான் அப்பவே சொன்னேன். குரூப்புக்கு இருக்கற பவரே தனி.”

டீச்சருக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை பற்றி எரிந்தது. எழுதத் தெரியாதவர்களை எழுத்தாலேயே அடித்துத் துரத்திவிட்டு, அவர்கள் பெஞ்சில் அவர்களுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவும் சிரித்த முகத்தோடு. இவர்களில் கெட்டவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. எழுந்து வெளியே போங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது வாசல் பக்கம் தலைகள் திரும்பின.

ஆயாம்மா வந்திருந்தாள். கோட்டு இல்லை, சாதாரணச் சேலை. யாரோ ஒருவர் கைதட்டினார். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். தட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். கைகள் ஒவ்வொன்றாக அடங்கின. அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் இருந்தவர் அவசரமாக எழுந்து வழிவிட்டார். அவள் உட்காரவில்லை. நேராக டீச்சரிடம் வந்தாள்.

“போனைக் குடுங்க. மருமகப் பொண்ணு எழுதினதை எடுத்துக் குடுங்க.”

டீச்சர் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். வகுப்பில் நாலெழுத்து, ஐந்தெழுத்துச் சொற்கள்தான் நடந்திருந்தன. இத்தனை பேர் நடுவில் தடுக்கி விழுந்தால் இவள் அப்புறம் எந்த எழுத்தையும் தொட மாட்டாள். “இங்க வேணாம்க்கா” என்றாள் மெதுவாக. ஆயாம்மா கையை நீட்டியபடியே நின்றாள். டீச்சர் எடுத்துக் கொடுத்தாள்.

ஆயாம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மறுகை விரலை எழுத்துக்குக் கீழே வைத்தாள்.

“ப... டி... க்... க... படிக்க.”

ஜன்னலோரம் இருந்த மருமகள் நிமிர்ந்தாள்.

“த்... தெ... ரி... யா...”

“தெரியாதவள்” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் அன்பாக எடுத்துக்கொடுத்தார்.

“நீங்க சொல்லாதீங்க” என்றாள் ஆயாம்மா, தலையைத் தூக்காமல். “கத்துக்க வந்தவ நான்.” மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். “படிக்கத்... தெ... ரி... யா... த... வ... ள். படிக்கத் தெரியாதவள்.”

அடுத்த சொல்லுக்குப் போனாள். ‘கையிலா’வில் ‘லா’வை ‘ல’ என்று படித்து, துணைக்காலைப் பார்த்துவிட்டுத் திருத்திக்கொண்டாள். ‘மாமா’ சுலபமாக வந்தது. ‘உயிரை’யில் நின்றாள். அந்த ‘ரை’ அவளுக்கு எப்போதுமே தகராறு. நின்ற இடத்தில் நின்றுகொண்டே இருந்தாள். உதவ ஒருவருக்கும் தைரியமில்லை. வெளியே போகவும் ஒருவருக்கும் தைரியமில்லை. வழக்குப் போடச் சொன்னவர் காலைக் கீழே இறக்கி வைத்தார். ஆயாம்மாவின் நெற்றியில் வியர்த்திருந்தது. டீச்சர் வாய்க்குள்ளேயே ‘ரை, ரை’ என்று சொல்லிக்கொண்டு நகத்தைக் கடித்தாள்.

“உ... யி... ரை... உயிரை. உயிரைக் கொ... டு... த்... து... கொடுத்து. வை... த்... தோ... ம். வைத்தோம்.”

விரலை எடுத்தாள். பிறகு முழுதாக, நிறுத்தாமல் சொன்னாள். “படிக்கத் தெரியாதவள் கையிலா மாமா உயிரைக் கொடுத்து வைத்தோம்.”

மருமகளைத் தேடிப் பார்த்தாள். “கேள்விதான கேட்டிருக்கீங்க. ஊரைப் பூராக் கேட்டிருக்கீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலையேம்மா.”

மருமகள் எழுந்து நின்றுவிட்டாள். “நான் பயந்துட்டேன். மாமா ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. நீங்க நாளைக்கே வந்துடுங்க, ஏஜென்சிகிட்ட நானே...”

“வேலைப் பேச்சை வீட்டுக்கு வந்து பேசுங்க. இது கிளாஸ்.”

மருமகள் உட்கார்ந்தாள். டீச்சருக்கு அடக்கி வைத்தது அத்தனையும் பொங்கிவிட்டது. செயலாளர் பக்கம் திரும்பினாள். “எண்ணாதீங்க சார். இவங்க யாரும் என் கிளாஸ் கிடையாது. ஒண்ணுன்னு போட்டுக்குங்க.”

“ஒண்ணு போட்டா ரூம் போயிடும்மா.”

“போகட்டும். டான்ஸ் ஆடட்டும். எல்லாரும் எந்திரிங்க.”

நோட்டை மடக்கும் சத்தம் அறையெங்கும் கேட்டது. வெளியே போகச் சொன்னதே பெரிய விடுதலை என்பதுபோல எழுந்தார்கள்.

“உக்காருங்க” என்றாள் ஆயாம்மா. சத்தம் போடவில்லை. எழுந்தவர்கள் பாதியில் நின்றார்கள். “ரூமை ஏன் டீச்சர் விடணும்? மத்தவங்க திரும்பி வந்தா எங்க உக்காருவாங்க? வந்தவங்க வந்தவங்கதான், சார் எண்ணட்டும்.” போனைத் திருப்பித் திரையை விரலால் தள்ளினாள். ஓடிக்கொண்டே இருந்தது, முடியவில்லை. “இன்னும் இவ்வளவு இருக்கு. எனக்குப் பாடப் புத்தகம் இதுதான். வியாழனுக்கு ஒண்ணாப் படிக்கறேன். எழுதினவங்க எதிர்ல உக்காந்து கேக்கணும்.”

சுவரோரம் ஒட்டி நின்ற நாத்தனாரிடம் திரும்பினாள்.

“நீங்கதானம்மா அட்மின்? அடுத்த வாரம் யாரோடதுன்னு குரூப்புல போட்டுடுங்க.”